நம்பிக்கை மையமா, தனியார் லேபா? நாள் கணக்கைப் பார்த்துப் போங்கள்

அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார், சம்மதம் கேட்பார், அதன் பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். முடிவையும் அவரே எதிரில் உட்கார்ந்து சொல்வார். தனியார் லேபில் பில் போட்ட கையோடு ஊசி, மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். இரண்டில் எது நல்லது என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: ஆணுறையில்லாத உறவோ ஊசி குத்தியதோ, பயத்தைக் கிளப்பிய அந்தச் சம்பவம் நடந்து இன்றைக்கு எத்தனையாவது நாள்?

72 மணி நேரம் ஆகவில்லை என்றால் லேபைத் தேடி அலைய வேண்டாம். அந்த நேரத்தில் எந்தப் பரிசோதனையும் புதிய தொற்றைக் காட்டாது. எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், இரவாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. மருத்துவர் ஆபத்தை எடைபோட்டு பெப் எனும் தடுப்பு மருந்தைத் தொடங்கலாமா என்று சொல்வார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். முதல் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் வகை மருந்து குடிப்பவர்கள் கவனிக்க: அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் இந்த மாத்திரையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது.

72 மணி நேரம் கடந்துவிட்டால் காத்திருப்புதான். இங்கேதான் தனியார் லேபுக்கு ஒரு நியாயமான வேலை இருக்கிறது. நம்பிக்கை மையங்களில் பெரும்பாலும், வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் கிட்கள். நம் உடல் ஆன்டிபாடியைச் செய்து முடிக்க 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். நான்காம் தலைமுறைப் பரிசோதனை வைரஸின் சொந்தப் புரதமான பி24 என்ற ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடுகிறது. கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்தால் 18 முதல் 45 நாளுக்குள் பிடித்துவிடும். 28-ஆம் நாள் 'நான்-ரியாக்டிவ்', அதாவது தொற்றின் தடயம் தெரியவில்லை, என்று வந்தால் பெரிய ஆறுதல், 45-ஆம் நாள் வந்தால் முடிவு. பெப் எடுத்தவர்கள் மாத்திரை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

லேபில் வெறுமனே 'எச்.ஐ.வி. டெஸ்ட்' என்று கேட்டால் பத்து நிமிடக் கார்டு ஒன்றைச் செய்து அனுப்பிவிடக்கூடும். 'ஆன்டிஜென் - ஆன்டிபாடி காம்போ, நான்காம் தலைமுறை' என்று சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் பி24 என்றோ ஆன்டிஜென் என்றோ இல்லையென்றால் நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை. பால்வினை நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஃபுல் எஸ்.டி.டி. பேக்கேஜ்' என்று நீட்டினால் ஹெபடைட்டிஸ் பி-யும் சிஃபிலிஸும் போதும். ஹெர்ப்பிஸ் ஆன்டிபாடி எதிர்பாராமல் பலருக்கும் பாசிட்டிவ் வரும், பயம் இரட்டிப்பாகும். வைரஸின் மரபுப் பொருளையே தேடும், ஆயிரக்கணக்கில் செலவாகும் ஆர்.என்.ஏ. பரிசோதனையையும் பயத்துக்காக வாங்க வேண்டாம். அது மருத்துவர் காரணத்தோடு எழுதித் தர வேண்டியது.

தனியார் ரிப்போர்ட்டின் பெரிய தொல்லை அதிலுள்ள எண். 1.00-க்குக் கீழே இருந்தால் நான்-ரியாக்டிவ் என்று கீழே அச்சடித்திருப்பார்கள். போன மாதம் 0.12 வந்தவருக்கு இந்த மாதம் 0.31 வந்ததும் 'ஏறிக்கொண்டே போகிறதே' என்று தூக்கம் போய்விடும். அது வைரஸின் அளவே இல்லை. கருவி அளக்கும் ஒளி, குறித்துவைத்த எல்லையில் எத்தனை பங்கு என்ற விகிதம். கிட்டின் பேட்ச் மாறினாலும், அதே ரத்தத்தை மறுநாள் வைத்தாலும் ஆடும். 0.12-ம் 0.31-ம் ஒன்றுதான். நம்பிக்கை மைய ரிப்போர்ட்டில் இந்த எண்ணே வராது என்பது, பயந்த மனசுக்கு, ஒரு வசதி.

'ரியாக்டிவ்' வந்தாலோ, யோசிக்காமல் நம்பிக்கை மையம். 10,000 பேரில் 20 பேருக்குத் தொற்று என்று வையுங்கள். இந்தியாவில் பெரியவர்களிடையே உள்ள நிலை ஏறத்தாழ இதுதான். ஒரு கிட் ஆயிரத்துக்கு ஐந்து பேரைத் தவறாகக் காட்டினாலே, தொற்றில்லாத ஐம்பது பேருக்கு ரியாக்டிவ் வரும். ஆக, ஒற்றைப் பரிசோதனையில் வந்த எழுபதில் ஐம்பது பொய். அதனால்தான் மையத்தில் வெவ்வேறு தன்மையுள்ள மூன்று கிட்களில் பார்க்கிறார்கள். மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள், கலவையாக வந்தால் சில வாரம் கழித்து வரச் சொல்வார்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. குறை என்றால் கூட்டம், காலையில் போனால்தான் நடக்கும் வேலை, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சம். பக்கத்து ஊர் மையத்துக்குப் போகத் தடையொன்றும் இல்லை.

காத்திருக்கும் நாட்களில் பயத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். தொற்றுள்ளவருடன் ஆணுறையில்லாமல் ஒருமுறை யோனி வழி உறவு கொண்டால், பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு சுமார் 8, ஆணுக்கு சுமார் 4. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 23. குதவழி உறவில் ஏற்பவருக்குத்தான் அதிகம், 138. தொற்றுள்ளவர் ஒழுங்காக மருந்து எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால் உறவு வழியாகத் தொற்றாது. முத்தம், சலூன் துண்டு, கழிவறை இவற்றுக்கெல்லாம் பரிசோதனையே தேவையில்லை.

காய்ச்சல், வியர்வை, பேதி, நாக்கில் வெள்ளை என்று அறிகுறி தேடுவது பயனற்ற வேலை. இவற்றில் பாதியைப் பதற்றமே உண்டாக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாளுக்கு இருபது முறை அமுக்கினால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். காலண்டரில் 28, 45 என்று இரண்டு தேதிகளைக் குறித்துவிட்டு நடுவில் லேப் பக்கம் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்கு இலவசமாகப் பேசலாம். அதுவரை ஆணுறை கட்டாயம். 'எப்படியும் டெஸ்ட் செய்வார்களே' என்று ரத்ததானம் செய்யப் போகாதீர்கள். தொற்று இருந்தும் டெஸ்டில் தெரியாத இடைவெளி நாட்களில் கொடுத்த ரத்தம் இன்னொருவர் உடலுக்குள் போய்விடலாம்.

45-ஆம் நாளும் நான்-ரியாக்டிவ், 90-ஆம் நாளும் நான்-ரியாக்டிவ், ஆனாலும் ஆறாவது டெஸ்டுக்குக் கை நீள்கிறது என்றால் லேபால் இனி ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இரண்டு நாள் நிம்மதி தந்துவிட்டு அடுத்த ரிப்போர்ட்டைக் கேட்கும். அந்தச் சுழலுக்கு மனநல மருத்துவரிடம் சிகிச்சை இருக்கிறது, கூச்சமாக இருந்தால் 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேச்சைத் தொடங்கலாம்.