காலர் மைக்: கெட்டிமேளத்தைக் காப்பாற்றுகிறது, பட்டன்தான் உயிரை எடுக்கிறது

புனலூரில் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார், "அண்ணாச்சி, உங்க கிட்ட இருக்கிற அந்த காலர் மைக் விலை இறங்கியிருக்கு, சிங்க மாசம் பிறக்கிறதுக்குள்ள வாங்கிப் போட்டுரலாமா?" ஆரியங்காவு பக்கம் டவர் போனதும் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. இதையே வேறு சிலரும் கேட்டிருப்பதால் முழுசாக எழுதிவிடுகிறேன். இங்கே செங்கோட்டையில் ஆடி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கர்க்கடக மாசம், இரண்டு பக்கமும் முகூர்த்தம் இல்லை. மைக்கும் ரிப்பேர் முடிந்து நேற்றுதான் கைக்கு வந்தது.

பிராண்டு பெயர் வேண்டாம். சட்டையில் மாட்டுகிற இரண்டு டிரான்ஸ்மிட்டர், கேமராவோடு சேர்கிற ஒரு ரிசீவர், சார்ஜ் ஏற்றும் பெட்டி, டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டிங், அந்த வகை. 2023-ல் ரோட் வயர்லெஸ் ப்ரோவும் 2024 தொடக்கத்தில் டிஜேஐ மைக் 2-வும் வந்தபிறகு இந்த 32 பிட் சமாச்சாரம் எல்லோருக்கும் பழகிவிட்டது. என்னுடையது அந்த இரண்டும் இல்லை, அவற்றைவிட விலை குறைவு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய விஷயம்.

நம்ம ஊர்க் கல்யாணத்தில் சவுண்டுக்குச் சோதனை தாலி கட்டும் நேரம்தான். அதுவரை ஐயர் மெதுவான குரலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார், நாதஸ்வரம் அடக்கி வாசிக்கும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் மேடையிலிருந்து யாராவது ஒரு பெரியவர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார், அந்த நொடியே தவில் வெடிக்கும். மந்திரத்துக்கு லெவல் வைத்திருந்தால் கெட்டிமேளம் கிழிந்துவிடும், கெட்டிமேளத்துக்கு வைத்திருந்தால் மந்திரம் இரைச்சலுக்குள் போய்விடும். சாதாரண 24 பிட் ரெக்கார்டிங்கில் 0 டெசிபல்தான் கூரை, அதற்கு மேல் போனதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகும், எடிட்டிங்கில் எந்தப் பிளக்இன் போட்டாலும் முழுசாகத் திரும்ப வராது. 32 பிட் ஃப்ளோட்டில் அந்தக் கூரையைத் தாண்டிய அளவும் ஃபைலில் அப்படியே பதிவாகிறது. டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில் அந்தக் கிளிப்பை டைம்லைனில் போட்டுப் பாருங்கள், முதலில் அலை மேலும் கீழும் கத்தி வைத்துச் சீவியது போலத் தெரியும், கிளிப் வால்யூமை 12 டெசிபல் இறக்குங்கள், சீவிய இடத்திலெல்லாம் ஒவ்வொரு தவில் அடியும் தனித்தனி உச்சியாக எழுந்து வரும். இரண்டு சீசனாகப் பார்க்கிறேன், இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 32 பிட் என்பது எழுதி வைக்கிற முறைதான், மைக்கின் காதுக்கு அது பொருந்தாது. கேரளா பக்கம் ரிசப்ஷனில் சிங்காரி மேளம் வைக்கிறார்கள், செண்டையும் இலத்தாளமும் பக்கத்தில் நின்று முழங்கும்போது மைக்கில் சத்தத்தை வாங்குகிற உள் கேப்ஸ்யூலே திணறிவிடும். அப்போது ஃபைலில் அலை 0-க்குக் கீழேயே தட்டையாக இருக்கும், எவ்வளவு இறக்கினாலும் உச்சி வராது. அதற்குத் தள்ளி நிற்பது ஒன்றுதான் வழி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும்.

ரிசீவர் வழியாகக் கேமராவுக்குப் போகிற சவுண்டை மட்டும் நம்பாதீர்கள். இந்த மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, போதாக்குறைக்கு மனித உடம்பு அந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். தாலி கட்டும்போது சொந்தபந்தம் முழுக்க அட்சதையோடு எழுந்து மைக்குக்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்கும், சரியாக அங்கேதான் சவுண்டு விட்டுவிட்டு வரும். கேமராவில் பதிவாவதை சிங்க் பண்ண, அதாவது படத்தோடு சவுண்டைப் பொருத்த மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே பதிவான ஃபைலை எடுத்து எடிட் பண்ணுங்கள்.

சிங்க்கிலும் ஒன்று. ரிசால்வ் அலைவடிவம் பார்த்துத் தானாகவே சேர்த்துவிடும், சரி. ஆனால் கேமரா மண்டபத்தின் பின்னால் 30 மீட்டர் தள்ளி நின்று, அதன் சொந்த மைக்கில் சவுண்டு பதிவாகியிருந்தால், அந்தச் சவுண்டே ஏறக்குறைய 90 மில்லி செகண்டு தாமதமாக வந்ததுதான். 25 ஃப்ரேமில் எடுக்கிறவர்களுக்கு அது இரண்டு ஃப்ரேம். காலர் மைக் ஃபைல் அந்தத் தாமதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், உதடு ஒரு பக்கம் சொல் ஒரு பக்கம் இருக்கும். அந்த ஃபைலை டைம்லைனில் இரண்டு ஃப்ரேம் இடப்பக்கம் தள்ளி, சொல் முன்னாலேயே வரும்படி வைத்துவிடுங்கள். அப்புறம் நம்ம பக்கச் சடங்கு மணிக்கணக்கில் நீளும், கேமரா கடிகாரமும் மைக் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், அதனால் மொத்தத்தையும் ஒரே தடவை சிங்க் பண்ணாமல் கன்னிகாதானம், தாலி, அம்மி மிதித்தல் என்று வெட்டி வெட்டிச் சேருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் முகூர்த்தம் சீக்கிரம் முடிந்துவிடும், அங்கே இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

இப்போது பட்டன். டிரான்ஸ்மிட்டரில் ஒரே ஒரு பட்டன். நீளமாக அழுத்தினால் ஆன், ஆஃப். லேசாக அழுத்தினால் ரெக்கார்டிங் தொடங்கும், மறுபடி லேசாக அழுத்தினால் நின்றுவிடும். அதை எங்கே வைத்திருக்கிறார்கள்? முன்பக்கம், நெஞ்சோடு நெஞ்சு அணைத்தால் நேராக அழுந்துகிற இடத்தில். பூட்டு கிடையாது. நின்றுபோனால் பீப் சத்தம் கிடையாது, அதிர்வு கிடையாது, ஒரு கடுகளவு சிவப்பு விளக்கு அணையும், அதுவும் மாலைக்கு அடியில். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை யாரும் கட்டிப்பிடிக்க மாட்டார்கள் என்று நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள்! தென்மலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாத்தா, நடக்கவே முடியாதவர், நாற்காலியிலிருந்து எழுந்து மாப்பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்து ஆசி சொன்னார். ஃபைலில் வேட்டி உரசுகிற சத்தம், "மக்களே" என்று ஒரு சொல், அதோடு முடிந்துவிட்டது. ரிசீவர் சவுண்டும் அந்தக் கூட்டத்தில் துண்டு துண்டாக இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? கம்பெனிக்கு எழுதினேன், கருத்தைப் பதிவு செய்துகொண்டோம் என்றார்கள், அதன் பிறகு ஃபர்ம்வேர் அப்டேட் வந்தது, அதில் இரைச்சல் குறைப்பு புதுசாக இருக்கிறது, பட்டனுக்குப் பூட்டு இல்லை.

நான் இப்போது செய்வது இதுதான். மைக் பெட்டியில் வந்த கறுப்பு ஸ்பாஞ்சிலிருந்து வளையல் மாதிரி ஒரு வட்டம் வெட்டி, பட்டனைச் சுற்றி ஒட்டி, அதன் மேல் காயத்துக்குப் போடுகிற வெள்ளை டேப். அணைத்தால் ஸ்பாஞ்சுதான் அமுங்கும், பட்டன் வரைக்கும் போகாது. இரண்டாவது டிரான்ஸ்மிட்டரை ஆள் மேல் மாட்டாமல் மணவறைத் தூணில் பூவுக்குள் வைத்துவிடுகிறேன்.

ரிப்பேர் என்னவென்றால், சாரல் ஈரத்தில் பெட்டியின் சார்ஜிங் முள்ளில் பச்சை பூத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் முழுப் பெட்டியும் மாற்றணும் என்றார்கள், தென்காசியில் ஒரு மொபைல் கடைக்காரர் சுத்தம் பண்ணி டைப் சி போர்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். வியர்வையோடு மைக்கைப் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே கிடக்கட்டும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம் தம்பி. விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். பட்டன் பூட்டும், முடிந்தால் சிங்க்கைச் சுலபமாக்குகிற நேரக் குறியான டைம்கோடும் இருக்கிற 32 பிட் மைக்காகப் பார்த்து, கடையில் கையில் எடுத்து, நெஞ்சில் மாட்டி, யாரையாவது கட்டிப்பிடித்துப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதை விற்பீர்களா என்று இன்னொருவர் கேட்டார், விற்க மாட்டேன், கெட்டிமேளத்தை இதுபோல எனக்கு வேறு எந்த மைக்கும் இதுவரை பிடித்துக் கொடுத்ததில்லை. ஆவணியில் எனக்கு வேலை இல்லாத முகூர்த்தம் எதுவோ அன்றைக்கு வந்து இரவலாக எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்பாஞ்சை மட்டும் பிய்த்துவிடாதீர்கள்.