லைம்டவுன்: புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த மலேசியாவின் சுங்கை சிப்புட்டின் இரவு அமைதிக்கு ‘லைம்டவுன்’ அத்தனை பொருத்தம். 2015இல் தொடங்கிய ஆங்கில மர்மப் பாட்காஸ்ட் இது. அமெரிக்காவின் டென்னசியில் ஒரு சிற்றூர். 300க்கும் மேற்பட்டோர் சுவடே இல்லாமல் காணாமல் போகிறார்கள். பத்தாண்டு கழித்து லியா ஹேடக் என்ற வானொலிச் செய்தியாளர் துப்புத் தேடிப் போகிறார். முழுக்கக் கற்பனைதான். ஆனால் பேட்டியும் ஒலிப்பதிவுமாக நிஜ விசாரணை போலவே நகர்வதால், அந்த ஊரை இணையத்தில் தேடிப் பார்க்கக் கை பரபரக்கும். தேடாதீர்கள், முடிவு தெரிந்துவிடும்.

முதல் பருவம் ஆறு பாகம். பல செயலிகள் புதியதை மேலே காட்டும். பழையதிலிருந்து வரும்படி வரிசையை மாற்றாவிட்டால் 2018இல் வந்த இரண்டாம் பருவத்தில் போய் விழுவீர்கள். பேச்சுக்கு இடையிலுள்ள அமைதியைச் செயலியே நீக்கிவிடும் ‘மௌனத்தை வெட்டு’ வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இத்தொடரின் திகிலே அந்த மூச்சிலும் இடைவெளியிலும்தான் இருக்கிறது. வேகம் 1 போதும். ஆங்கிலம் பிடிபடாத இடத்தில் 15 விநாடி பின்னே போய்க் கேளுங்கள்.

இரு காதிலும் இயர்போன் வேண்டும். கைப்பேசி ஸ்பீக்கரில் கிசுகிசுப்பு கரைந்துவிடும். தோட்டத்துக்குள் சிக்னல் அறுபடும், அதுவும் சரியாகக் கதவு திறக்கும் நேரத்தில்! வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் அரை மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி ஆகும்.

இரண்டாம் பருவத்தில் இறுக்கம் குறைவு. வன்முறை உண்டு, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.