அம்ப்ரோலியம் 20 சதத் தூள்: சாரல் காலத்து ரத்தக் கழிச்சலுக்கு வாங்கலாமா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் கோழிக்கொட்டில் காயவே காயாது. ஈர உமியில், ரத்தக் கழிச்சலைத் தரும் காக்சிடியா என்ற குடல் கிருமியின் முட்டைகள் ஓரிரு நாளிலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். மூன்றிலிருந்து எட்டு வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி, எச்சத்தில் ரத்தமும் தெரிந்தால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இந்தத் தூளைத்தான். மருந்து சரிதான். பாக்கெட்டில் உள்ள குறிப்புதான் வீட்டுக்கோழிக்காரருக்குப் பயன்படாது.

நோய் கண்ட குஞ்சு இரையை விட்டுவிடும். தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் விடாது. அதனால் தண்ணீரில் கரையும் மருந்து என்பதே இதன் பெரிய பலம். குறை என்னவென்றால், அளவெல்லாம் பண்ணைக் கணக்கு. அளவுக் கரண்டியும் கிடையாது. 'ஒரு ஸ்பூன் போடுங்க' என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். ஸ்பூனுக்கு ஸ்பூன் எடை மாறும்.

நோய் முற்றிய நிலையில் லிட்டருக்கு 1.2 கிராம், 3 முதல் 5 நாள். பிறகு லிட்டருக்கு 0.3 கிராம், ஒன்றிரண்டு வாரம். சமையலறைத் தராசு இவ்வளவு சிறிய எடையைக் காட்டாது. 6 கிராமை அரை லிட்டரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினால் முதல் அளவு. 25 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினால் அடுத்த அளவு. மிச்சத்தைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் கரைக்க வேண்டும். ஒரு மாதக் குஞ்சு பத்துக்கு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் போதும். வேறு தண்ணீர் எதுவும் வாய்க்கு எட்டக் கூடாது. கூரை ஒழுகி முற்றத்தில் தேங்கிய குட்டையில் குடித்துவிட்டு வந்தால் மருந்துச் சட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குளிரிலும் குடிப்பது குறையும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

அடுத்தது பலரும் சறுக்கும் இடம். தெம்பு வரட்டும் என்று பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போலவே வேடம் கட்டி, கிருமிக்கு அந்தச் சத்து போகாமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது. டானிக்கில் பி1 ஊற்றினால் கிருமிக்கும் சேர்த்துத் தீனி போட்ட கதைதான். மருந்து முடிந்தபின் டானிக் கொடுங்கள். ரத்தப்போக்குக்கு வைட்டமின் கே சேர்ப்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

நனைந்த உமியை அள்ளிப் போடாமல் மருந்து மட்டும் கொடுத்தால் நோய் திரும்பத் திரும்ப வரும். பினாயில் காக்சிடியா முட்டைகளைக் கொல்லாது, தரையை நன்றாகக் காயவிடுவதுதான் கொல்லும். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். அதைச் சுற்றித்தான் முதலில் சேறாகும். இரைக்குக் குருணையோ உடைத்த கம்போ லேசாக நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. புளிக்குமுன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு இந்தத் தூள் வீண். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து திருகினால் அது வைரஸ் வேலை. ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரத் தடுப்பூசியும் முன்கூட்டியே போட்டிருந்தால்தான் காப்பு. சந்தேகமாக இருந்தால் செத்த குஞ்சை உறையில் கட்டி, ஐஸ் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்க்கையில் குடலோடு ஒட்டிய பை போன்ற குடல்வால் இரண்டும் ரத்தம் கட்டி உப்பியிருந்தால் காக்சிடியாதான்.

மூன்றாம் நாளும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அளவு மிஞ்சினால் பி1 குறைந்து, குஞ்சு தலையைப் பின்னுக்கு மடக்கி வானத்தைப் பார்க்கும். அதை வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து வேறு மருந்து தேடி அலைபவர்களும் உண்டு.

கிடைப்பதில் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். 20 குஞ்சுக்கு உள்ளே போகிற மருந்து மொத்தமே சுமார் 20 கிராம்தான். தினம் கரைத்துக் கொட்டும் மிச்சத்தைச் சேர்த்தால் ஒரு 100 கிராம் பாக்கெட்டுக்குச் சற்று மேலேகூட ஆகலாம். பிரித்ததை மூடி இறுகும் பாட்டிலில் போட்டு வையுங்கள், சாரல் காற்றில் தூள் கட்டிபட்டுவிடும்.