பெட்டிக்குக் கை தெரியாது

போன முறை ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு புளூடூத் பிபி மெஷின் கொண்டுவந்தேன். கிளம்புவதற்கு முன்பே என் போனில் இணைத்துச் சோதித்துவிட்டு, இங்கே வந்து அவர் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். நான் திரும்பிப் போன பிறகு மூன்று வாரம் அளவுகள் ஒழுங்காக வந்தன. அப்புறம் நின்றுவிட்டன. "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உன் ஆப்புதான் சரியில்லை" என்பது அப்பாவின் தீர்ப்பு.

இந்த முறை சூட்கேஸைக்கூடப் பிரிக்காமல் முதலில் அந்த மெஷினைத்தான் கையில் எடுத்தேன். அப்பா போனை மாற்றியிருந்தார். புளூடூத்தில் ஜோடி சேரும் கருவிகள் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்துக்கொள்ளும். அது பழைய போனோடு போய்விட்டது. புதிய போனில் ஆப்புக்குள் நுழைய ஓடிபி வேண்டும். கணக்கைத் திறந்தவன் நான் என்பதால் அது என் வெளிநாட்டு எண்ணுக்கு வரும். அப்பா முயன்ற நேரமெல்லாம் எனக்கு நடுராத்திரி. நான் எழுந்து பார்ப்பதற்குள் அது காலாவதி.

அதோடு முடியவில்லை. புதிய போன் என்றாலும் அது அவருக்குத்தான் புதிது; அண்ணன் கழித்துப் போட்டது. ஆண்ட்ராய்டு 11 வரை, பக்கத்தில் என்ன புளூடூத் கருவி இருக்கிறது என்று தேடுவதற்கே ஆப்பு இருப்பிட அனுமதி கேட்கும். 2021இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் இதற்கென்று தனி அனுமதி வைத்தார்கள். "பிரஷர் பார்க்கிற மெஷினுக்கு நான் எங்கே இருக்கேன்னு எதுக்குத் தெரியணும்?" என்று அப்பா மறுத்துவிட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எல்லாவற்றையும் சரிசெய்து பழைய அளவுகளைப் புரட்டினால், இன்னொரு கூத்து. மெஷின் முதலில் இணைந்த என் போனின் நேரத்தையே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அப்பா காலையில் எழுந்து எடுத்ததெல்லாம் முந்தைய நாள் இரவுக் கணக்கில் பதிவாகியிருந்தது. டாக்டர் ஒருமுறை, "ராத்திரியில ஏன் இவ்வளவு ஏறுது?" என்று கேட்டாராம். ஏறவே இல்லை, டாக்டர். அது நான் செய்த வேலை.

பயணத்தின் நடுவில் அப்பா நான்கு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது அவர்களே ஒரு பிபி மெஷினும் எடை மெஷினும், அளவுகளை மருத்துவமனைக்கு அனுப்பும் கையகல வெள்ளைப் பெட்டி ஒன்றும் கொடுத்தார்கள். ஒரு செவிலியர் அப்பாவின் கையை டேப் வைத்து அளந்து அதற்கேற்ற பட்டையை எடுத்தார் (சிறிய பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்). பிறகு பெட்டியின் பார்கோடையும் அப்பாவின் நோயாளி எண்ணையும் ஸ்கேன் செய்தார். அவ்வளவுதான்.

வீட்டில் பிளக்கைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. வைஃபை பாஸ்வேர்டு கேட்கவில்லை. உள்ளேயே சிம் இருக்கிறது. மெஷின்கள் மருத்துவமனையிலேயே பெட்டியோடு ஜோடி சேர்க்கப்பட்டுவிட்டன. நேரத்தையும் பெட்டியே நெட்வொர்க்கில் இருந்து எடுத்து மெஷினுக்குச் சொல்லிவிடுகிறது. அப்பா ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பட்டனை அழுத்தினார். பட்டை இறுகித் தளர்ந்த சிறிது நேரத்தில் செவிலியரே கூப்பிட்டு, "வந்துடுச்சு சார்" என்றார். நான் இரண்டு நாள் மல்லுக்கட்டிய வேலை.

இது ஒன்றும் மாயம் இல்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத் 2010இலேயே வந்துவிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை என எந்த அளவையும் அனுப்ப அதில் பொதுவான வடிவம் உண்டு. அதைப் பின்பற்றினால் எந்தக் கம்பெனி மெஷினும் எந்தப் பெட்டியோடும் பேசலாம். ஆனால் தன் ஆப்பைத் தாண்டி அளவை வெளியே விட மனமில்லாத கம்பெனிகள் நிறைய. நோயாளி தலையில் வந்து விடிகிற பாடெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாம் நாள் காலை செவிலியர் பதறிப்போய்க் கூப்பிட்டார். அப்பாவுக்கு 96/60 காட்டுகிறதாம், தலை சுற்றுகிறதா, மாத்திரை இரண்டு முறை போட்டாரா என்று கேள்வி மேல் கேள்வி. அப்பா நாற்காலியில் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் சும்மா சுத்திப் பார்த்தேன்."

பெட்டியைப் பொறுத்தவரை அந்தப் பட்டைக்குள் போகிற கை எல்லாம் அப்பாவின் கைதான். அந்தப் பொது வடிவத்தில் யார் அளந்தது என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது, கட்டாயம் இல்லை. எங்கள் மெஷினில் 1, 2 என்று ஒரு சின்ன சுவிட்ச்கூட இருந்தது, கொடுத்தபோது யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் மாத்திரை சாப்பிடுகிற இடத்துக்கு அனுப்பும்போது முதலில் சொல்ல வேண்டியதே அதுதான் என்று செவிலியரிடம் கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அன்றே அம்மாவையும் இரண்டாம் எண்ணில் சேர்த்துவிட்டார்.

அப்பா உடனே மார்க்கரை எடுத்து, 1க்கு மேல் 'நான்' என்றும் 2க்கு மேல் 'அவள்' என்றும் எழுதி ஒட்டினார். மறுநாள் காலை மறுபடி செவிலியரின் போன். அதே குறைந்த அளவு, அதே அப்பா பெயரில். அம்மாவிடம் கேட்டால், "நான்னு போட்டிருந்ததைத்தானே தள்ளினேன்" என்கிறாள்.