ஸ்னேர் கம்பியின் இரைச்சல்: வீட்டு ஒலிப்பதிவு அறையில் ஒரு டிரம்ஸ் கிட்டோடு மூன்றரை ஆண்டுகள்

சென்ற மாதம் என் ஸ்னேர் டிரம்மின் பக்கவாட்டில் உள்ள நெம்பு உடைந்து கையோடு வந்துவிட்டது. அடித்தோலின் மீது கிடக்கும் 20 சுருள் கம்பிகளைத் தோலோடு ஒட்டவைப்பதும் விலக்குவதும் அந்த நெம்புதான். வாங்கிய கடையில் கேட்டபோது, அந்தப் பாகம் தனியாக வராது, ஸ்னேரையே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சுண்டுவிரல் நீள அச்சு ஒன்றுக்காக முழு டிரம்மையும் மாற்றுவதா என்ற ஆத்திரத்தில் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். உடைந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த வண்டியோடது சார்?”

“வண்டி இல்லண்ணே, டிரம்ஸ்.”

“வார்ப்புச் சரக்கு சார், உள்ள பாருங்க, பொரபொரன்னு இருக்கு. பித்தளையில கடைஞ்சு தர்றேன், உங்க பேரன் வரைக்கும் வரும்.”

அரை மணி நேரம் ஆனது, 250 ரூபாய் வாங்கினார். அதே வாரத்தில், ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் அலுவலக நண்பர், வீட்டில் ஒலிப்பதிவு செய்வதற்கு எந்த டிரம்ஸ் கிட் வாங்கலாம், எந்த சிம்பல் (குச்சியால் அடிக்கும் உலோகத் தட்டு) வாங்கலாம் என்று கேட்டார். நான் வாங்கிய அதே கிட்டின் விலை இப்போது குறைந்திருப்பதாகவும் சொன்னார். அவருக்குத் தொலைபேசியில் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று.

என் அறை அல்சூரில் ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடியில் இருக்கிறது. நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 9 அடி. கிட் முழுவதும் பிர்ச் மரம். காலால் மிதித்து அடிக்கும் 20 அங்குல பேஸ் டிரம், கம்பி இல்லாத 10, 12 அங்குல டாம்கள், தரையில் நிற்கும் 14 அங்குல ஃப்ளோர் டாம், 14 அங்குல ஸ்னேர். பேஸ் டிரம் விஷயத்தில் மட்டும் நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 12 அடி நீளத்துக்கு அறையின் சொந்த அதிர்வு ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் என்று கணக்கு வருகிறது. 22 அங்குல பேஸ் டிரம்மைச் சற்றுத் தளர்வாகச் சுருதி வைத்தால் அதுவும் அந்த வட்டாரத்தில்தான் முழங்கும். அப்புறம் பதிவில் கேட்பது டிரம்மா, அறையா என்று பிரிக்க முடியாது. 20 அங்குலத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றிவைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. மூன்றரை ஆண்டுகளில் இந்த பேஸ் டிரம் எனக்கு ஒரு நாளும் மனக்கசப்பு தந்ததில்லை.

மனக்கசப்பு முழுவதும் ஸ்னேரிடமிருந்துதான் வந்தது. 10 அங்குல டாமை அடித்தால், அந்த அடி ஓய்ந்த பிறகும் பக்கத்தில் சும்மா இருக்கும் ஸ்னேர் ‘ஸ்ர்ர்ர்’ என்று இழுக்கும். வண்டு ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டது போன்ற ஓசை அது. காரணம் எளியது. ஸ்னேரின் அடித்தோல் மூன்று மில் கனம், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. வழக்கமான ஒற்றை மேல்தோல் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் தடிப்பானது. அவ்வளவு மெல்லிய தோல், பக்கத்து டிரம்மின் நாதம் தன் நாதத்துக்கு அருகில் வந்தால் உடனே கூட அதிரும். அதன் மேல் கிடக்கும் கம்பிகள் அந்த அதிர்வை ஊருக்கே அறிவிக்கும். இது பழுதன்று, ஸ்னேரின் பிறவிக்குணம். எனக்கு இது தெரியாததும் அல்ல. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்த பதிவைக் கேட்கும்போது ஒவ்வொரு டாம் அடிக்கும் பின்னால் அந்த வண்டு வந்து உட்கார்ந்தால், இந்தத் தத்துவமெல்லாம் உதவுவதில்லை.

டாம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு மோட்டார் போட்டால் இரண்டாம் மாடியில் என் ஸ்னேர் இரைகிறது. கோடைக்காலத்தில் பெங்களூரில் தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முறை அரை மணி நேரப் பதிவு முழுவதிலும், நான் கையை எடுத்திருந்த இடங்களில்கூட, திரையில் மெல்லிய கோடாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. மின் இணைப்பில் கோளாறு என்று நினைத்து எல்லா வயரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னலைத் திறந்தபோதுதான் கீழே லாரி நிற்பது தெரிந்தது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் மகள் ஐந்தரைக் கட்டையில் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய மத்திம ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ். என் ஸ்னேரின் நாதமும் தற்செயலாக அங்கேயே நின்றிருந்தது. அவள் அந்த அறையில் உட்கார்ந்து ஸட்ஜத்தில் சரியாக நின்றால் ஸ்னேர் பதில் சொல்லும், சற்றே இறங்கினால் வாய் மூடிக்கொள்ளும். தம்பூரா தராத கண்டிப்பை அது தந்தது. நான் நெம்பைத் தட்டிக் கம்பியை விலக்கினால் அவள் கோபித்துக்கொள்வாள்.

நான் செய்து பார்த்த வைத்தியங்களில் இரண்டு மட்டுமே பலித்தன. முதலாவது, டாமை அரை சுரமோ முக்கால் சுரமோ மேலே ஏற்றி ஸ்னேரிடமிருந்து விலக்குவது. இதற்குச் செலவு இல்லை, ஆனால் 10, 12, 14 மூன்றுக்கும் இடையே நான் பாடுபட்டு அமைத்த இடைவெளி கெட்டுப்போகும், ஆக மூன்றையும் சேர்த்தே நகர்த்தவேண்டும். இரண்டாவது, அடித்தோலில் கம்பி நுழையும் இரு முனைகளிலும் பக்கத்துக்கு இரண்டாக உள்ள நான்கு திருகுகளை மட்டும் டிரம் கீயால் (தோலின் திருகுகளை முறுக்கும் சாவி) கால் சுற்று தளர்த்துவது. அங்கே தோல் சற்றுத் தொய்ந்து கம்பியை அணைத்துக்கொள்வதால் இரைச்சல் பாதிக்குப் பாதி அடங்குகிறது. முழுவதும் அடங்குவதில்லை. கம்பியை இறுக்கிப் பார்த்தேன். இரைச்சலோடு சேர்ந்து ஸ்னேரின் உயிரும் போய், மரப்பலகையைத் தட்டுவது போல ஆகிவிட்டது. தோலின் மேல் ஒட்டும் ஜெல் துண்டுகளுக்கும் இந்த இரைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. அவை மேல்நாதத்தை, அதாவது மூல நாதத்துக்கு மேலே கூடவே எழும் ஒலிகளை, அடக்குபவை, அது வேறு விஷயம்.

வேறு விஷயம் என்றாலும் தோல் வாங்குகிறவர் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிறுவயதில் ஆறு ஆண்டுகள் மிருதங்கம் கற்றவன் என்பதால் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கும். வெறும் வட்டத் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிளம்புகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே உள்ள கருப்புப் பூச்சு அந்த விகிதத்தைத் திருத்தி, நாதத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்குபடுத்துகிறது. இதை 1920இல் சி.வி. ராமன் எழுதிக்காட்டினார், பெங்களூருக்கு வந்த மறு ஆண்டு, 1934இல், அதையே விரிவாக எழுதினார். மேற்கத்திய டாமில் அப்படிப் பூச்சு ஏதும் இல்லை. ஆகவே ஒற்றைத் தோல் போட்டால் சிறிய அறையில் ‘ங்’ என்று நீண்டுகொண்டே போகும். ரெமோ எம்பரர் போல ஏழு மில் பாலியெஸ்டர் தாள் இரண்டைச் சேர்த்த தோல் போட்டால் சீக்கிரம் ஓயும். கிட்டோடு வரும் தோல்களை முதல் வாரத்திலேயே கழற்றிவிடுங்கள். இடந்தலையில் ரவைப் பசையைத் தொட்டுத் தொட்டுச் சுருதி சேர்க்கும் பொறுமை உள்ளவருக்குத்தான் இந்த வேலை. மற்றவர்களுக்கு டிரம் கீ என்பது சாவிக்கொத்தில் தொங்கும் அலங்காரப் பொருள்.

சிம்பல் விஷயத்தில் நான் முட்டாள்தனம் செய்தேன், அதற்குக் கடையைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரிய கூடத்தில் தட்டிப் பார்த்தபோது கனத்த சிம்பல்கள் கம்பீரமாக ஒலித்தன, வாங்கிவிட்டேன். அவை 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த தகட்டிலிருந்து வெட்டப்பட்டவை, கடைவழக்கில் பி8. 9 அடிக் கூரையின் கீழ் அவை கத்தின. கூரையிலிருந்து 2 அடி கீழே மைக் தொங்கினால், சிம்பலின் ஒலி மேலே போய்த் திரும்புவதற்கு 4 அடி கூடுதல் பயணம், ஏறக்குறைய மூன்றரை மில்லி விநாடி. நேராக வந்த ஒலியும் தாமதமாக வந்த ஒலியும் ஒன்றையொன்று தின்று, பதிவு தகர டின்னுக்குள் அடித்தது போல வரும். மைக்குகளுக்கு மேலே, ஒலியை உறிஞ்சும் 4 அங்குல ராக்வூல் பலகை கட்டினேன், பாதி குணமானது. மீதிப் பாதிக்குச் சிம்பலையே மாற்றவேண்டியிருந்தது. டிரம்களுக்குக் கொடுத்ததற்குக் கிட்டத்தட்டச் சமமான தொகையில், வார்த்து அடித்த பி20 சிம்பல்கள், எல்லாமே மெல்லியவை: 14 அங்குல ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி), 18 அங்குல கிராஷ் (அழுத்தம் தர அடிப்பது), 20 அங்குல ரைடு (தாளத்தைத் தொடர்ந்து ஓட்டுவது). பி20 என்றால் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம், கோயில் மணிக்கு ஏறத்தாழ நெருங்கிய சரக்கு.

அன்றிலிருந்து நான் கேட்டது வேறு வாத்தியம். மெல்லிய கிராஷை ஸ்டிக்கின் தோளால் சற்றே வருடினாலும் முழுதாக மலர்ந்து, இரண்டு விநாடியில் வழிவிட்டு ஒதுங்குகிறது. கனத்த சிம்பலை எழுப்பவே ஓங்கி அடிக்கவேண்டும், எழுந்தபின் அடக்க முடியாது. ஹை-ஹாட்டின் சத்தம் ஸ்னேர் மைக்கில் வழிவதும் குறைந்தது. நான்கு மைக்கை வைத்துக்கொண்டு பதிவு செய்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. எனவே கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்டிக்கையே கொண்டுபோங்கள்; மெதுவாக அடியுங்கள்; ஒலி முழுதும் அடங்கும்வரை வாய்பேசாமல் நில்லுங்கள். டாமை எப்படி வேண்டுமானாலும் சுருதி மாற்றலாம், தோலை மாற்றலாம். சிம்பல் வாங்கிய அன்று எப்படியோ என்றும் அப்படியே. ஒரு எச்சரிக்கை: பி20 உடையும். என் முதல் கிராஷைத் தாங்கியில் பிடித்துவைக்கும் விங் நட்டை நண்பர் ஒருவர் விசுவாசமாக முறுக்கிவைத்ததில், அது ஆடமுடியாமல் போய், எட்டு மாதத்தில் விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல் கண்டது. தட்டினால் ஒட்டுப்போட்ட மணி போல் கேட்டது. ஃபெல்ட் வளையம் போட்டு, சிம்பல் கையால் தொட்டாலே ஊசலாடும் அளவுக்குத் தளர்வாக வையுங்கள்.

அண்டைவீட்டார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். டிரம்ஸ் நூறைத் தாண்டும். கீழ்வீட்டு அம்மாவிடம் மாலை ஐந்து முதல் ஏழு வரை என்று ஒப்பந்தம். பண்டிகைக்குப் பண்டிகை மைசூர்பாக்கு.

ஆக, நண்பருக்கு என் தீர்ப்பு. பிர்ச்சா மேப்பிளா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம், இந்த அளவு அறையில் கூரை அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்கிறது. டிரம்கள் நன்றாக உழைத்திருக்கின்றன. இந்த விலையில் இதைவிடச் சுத்தமான டாம் ஒலி நான் கேட்டதில்லை. விலை குறைந்திருப்பது உண்மையானால் லாபம்தான். ஆனாலும் நீங்கள் வாங்கவேண்டாம். நீங்கள் இருக்கும் ஒன்பதாவது மாடியில் பேஸ் டிரம்மின் கால்மிதி அடியின் அதிர்வு தரை வழியாகவே எட்டாவது மாடிக்கு இறங்கும். வலைத்தோலும், சத்தம் குறைக்கத் துளையிட்ட சிம்பலும் போட்டுக்கொண்டால் காற்றில் போகும் சத்தம் குறையும், தரையில் இறங்குவது அப்படியே இருக்கும். அதற்குப் பிறகும் அந்த ஸ்னேர் இருக்கிறது. எனக்கு வாய்த்த இந்த இரைச்சலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைச் சொன்னதும் நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் உங்கள் கிட்டை எனக்கே கொடுத்துவிடுங்களேன் என்றார். அதற்குத்தான் சுற்றி வளைத்திருக்கிறார். கொடுக்க முடியாது என்றேன். ஸ்னேரை மட்டுமாவது, அதைத்தானே திட்டுகிறீர்கள் என்றார். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பீன்யாவில் கடைந்த அந்தப் பித்தளை அச்சைக் கழற்றி வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.