வீட்டுக் கச்சேரி வீடியோவுக்கு க்ரீன் ஸ்கிரீன்: ரொம்ப நாளா யூஸ் பண்றவன் சொல்றேன்

ஆளுக்கு ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு ஒரே மேடையில உக்காந்து வாசிக்கிற மாதிரி வீடியோ போடணும்ங்கிறது 2020 லாக்டவுன்ல பிடிச்ச பைத்தியம், லாக்டவுன் போயிடுச்சு, பைத்தியம் போகலை. அவங்கவங்க வீட்டுல பச்சைத்துணி முன்னாடி உக்காந்து எடுத்து, அந்தப் பச்சையை சாஃப்ட்வேர்ல அழிச்சுட்டு எல்லாரையும் ஒரே பேக்ரவுண்டுல ஒட்டறோம், அதுதான் க்ரீன் ஸ்கிரீன். நான் திருச்சியில மிருதங்கம், பாடுறது சென்னையில அக்கா, வயலின் அவ பையன், பெங்களூர்ல வேலை பாக்குறான்.

எல்லாரும் முதல்ல கேக்கறது என்ன சாஃப்ட்வேர்னுதான். அது பெரிய விஷயமே இல்லைங்க. டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன்ல பச்சையை எடுக்கிறதும் முகத்துல அடிக்கிற பச்சை சாயலைக் குறைக்கிறதும் நல்லாவே வருது, சின்ன லேப்டாப்னா ஷாட்கட் போதும். நாய்ஸ் ரிடக்ஷன் மட்டும் ரிசால்வ்ல காசு கட்டினாதான், அதனால இருட்டு ரூம்ல எடுத்து புள்ளி புள்ளியா வர்ற வீடியோவை அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க, லைட்டை அப்பவே நல்லா போட்டுடுங்க.

துணி பளபளன்னு இருக்கக் கூடாது, சாட்டின் வேண்டவே வேண்டாம், காட்டன் துணியை இஸ்திரி போட்டு சுருக்கமில்லாம கட்டணும். நாமெல்லாம் தரையில உக்காந்து வாசிக்கிறவங்க, அதனால சுவத்துல இருந்து இறங்கி தரை முழுக்க வரணும், ஆளும் துணிய விட்டு நாலஞ்சு அடியாவது முன்னாடி தள்ளி உக்காரணும். இல்லைன்னா நிழல் துணியில விழும், மிருதங்கத்தோட தோல்லயும் வயலின் வார்னிஷ்லயும் பச்சை அடிக்கும்.

புடவைதான் பெரிய வில்லன். பச்சை பார்டர் வேண்டாம்னு எல்லாருக்கும் தெரியும், மயில் கழுத்து கலர் பட்டு யாருக்கும் தோணாது. ஊடு ஒரு கலர் பாவு ஒரு கலர், ஆள் அசைய அசைய நீலம் பச்சையா மாறும், தோள்பட்டையில ஓட்டை விழுந்து பின்னாடி சுவர் தெரியும்! அந்தப் புடவைதான் கட்டுவேன்னா நீலத்துணிக்கு மாறினாலும் அதே கதைதான், புடவையைத்தான் மாத்தணும். பொதுவா பச்சைத்துணிக்கே நான் ஓட்டு போடுவேன், ஏன்னா கேமரா சென்சார்ல சிவப்பு, நீலம் ஒவ்வொண்ணுக்கும் பச்சை ரெண்டு இருக்கும், அந்த சேனல்ல நாய்ஸ் கம்மி.

இன்னொண்ணு, சாதாரணமா போன் வீடியோல வெளிச்சம் முழு அளவுல பதிவாகும், கலர் நாலுல ஒரு பங்குதான். பச்சையைப் பிரிக்கிறதோ கலரை வச்சு, அதான் தலைமுடி ஓரம் ரம்பம் மாதிரி வருது. 4கே-ல எடுத்து 1080பி-ல வெளியிட்டா இந்தக் குறை பெருமளவு போயிடும். ஷட்டர் 1/100 நொடி வைங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால லைட் மினுக்காது, வயலின் வில் ஓடுற வேகத்துல வர்ற பச்சை மங்கலும் குறையும்.

சவுண்ட்தான் நிஜமான வேலை. அக்கா காதுல தாள க்ளிக் வச்சுக்கிட்டு முதல்ல பாடி அனுப்புவா, அதுக்கு மேல வயலின், கடைசியா நான். கல்பனாஸ்வரம்னா, அதாவது அப்பப்ப கற்பனையில ஸ்வரம் பாடுற இடம்னா, அக்கா வயலின் பதிலுக்கு ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுத்து) விட்டு விட்டு பாடணும், மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனம் எவ்வளவு நீளம்னு முன்னாடியே பேசி அவ்வளவு நேரமும் சும்மா தாளம் போட்டுக்கிட்டே, இன்னும் வாசிக்கவே வாசிக்காத என் மோராவுக்கு (முடிவுல மூணு தடவை வர்ற ஜதி) ஆஹான்னு தலையாட்டணும். பாவம் அவ. அந்த இடத்துல கச்சேரியோட உயிர் கொஞ்சம் போறது உண்மைதான், நேர்ல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் சீண்டி வாசிக்கிறது இதுல வராது. ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம், லேட்டாகும், வயர் போட்ட இயர்போன்தான். போன்ல ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்ங்கிறது) ஏறி இறங்கும், ஆரம்பத்துல கைதட்டு வச்சு சரியா சேர்த்தாலும் போகப்போக உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போகும், ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டா மாத்திட்டு எடிட் பண்ணுங்க.

மூணு பேர் கேமராவும் ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே தூரம். இல்லைன்னா ஒருத்தர் பீமன் சைஸ்ல வருவார். மிருதங்கம் பாடகருக்கு வலப்பக்கம் உக்காரும், வலந்தலை, அதான் வலதுகையால வாசிக்கிற பக்கம், சபையைப் பாத்து இருக்கும். ஆள் தப்பான பக்கம் பாக்குறார்னு வீடியோவை கண்ணாடி மாதிரி திருப்பிட்டா முடிஞ்சுதுன்னு தோணும், ஆனா வலந்தலை இடந்தலையாகி நான் இடதுகைக்காரன் ஆயிடுவேன், வயலின்காரன் வில்லை இடதுகையில பிடிப்பான், கச்சேரி கேக்கிறவங்க ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்க.

வாராவாரம் போடறவங்களுக்கு இது கட்டுப்படியாகாது, ஸ்கிரீனை கட்டம் கட்டமா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா போட்டுட்டுப் போயிடுங்க. நவராத்திரி மாதிரி விசேஷத்துக்குன்னா பண்ணலாம், நாங்க இப்ப அப்படித்தான். பேக்ரவுண்டுக்கு மட்டும் கோபுரம், காவேரிக்கரைன்னு போகாதீங்க, ரூம் லைட்ல இருக்கிற ஆளுக்கு வெளி வெயில் ஒட்டவே ஒட்டாது. எங்க வீட்டு ஹாலையே அதே கேமரா உயரத்துல காலியா ஒரு போட்டோ எடுத்து, ஜமக்காளம் விரிச்சு வச்சு, அதைத்தான் போடறேன், ஒவ்வொருத்தர் கீழேயும் லேசா ஒரு நிழல் வரைஞ்சிட்டா ஆள் அந்தரத்துல மிதக்காது.