போனில் மெனு மக்கர் செய்கிறதா? ஹோவர், பட்டன், டீடெய்ல்ஸ், பாப்ஓவர் ஓர் அலசல்

கோயமுத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியின் வெப்சைட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'தயாரிப்புகள்' மெனுவுக்குக் கீழே மோனோபிளாக், சப்மெர்சிபிள், கம்ப்ரசர். சப்மெர்சிபிளுக்குள் ஹெச்பி வாரியாக இன்னொரு அடுக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மவுஸ் வைத்தால் ஒழுங்காக விரிகிறது. பொள்ளாச்சி டீலர் போனில் தட்டினால் விரிந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. பிரவுசரைக் குறை சொல்லும் முன், மெனு எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹோவர் (மவுஸ் மேலே வந்தாலே விரிவது), பட்டன் (தட்டினால் விரிவது), டீடெய்ல்ஸ், பாப்ஓவர் (இரண்டும் பிரவுசரிலேயே உள்ள வசதிகள்) ஆகிய நான்கும் வெவ்வேறு விதமாகப் பழுதாகும்.

சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) ஹோவர் மெனுவுக்கு ஸ்கிரிப்டே வேண்டாம், எழுதுவது சுலபம். ஆனால் மேல் வரிக்கும் துணை மெனுவுக்கும் நடுவே 8 பிக்சல் மார்ஜின் (வெளி இடைவெளி) இருந்தாலே, மவுஸ் அதைக் கடக்கும்போது மெனு மறைந்துவிடும். மார்ஜினை எடுத்துவிட்டு, அதே அளவைத் துணை மெனுவின் வெளிப்பெட்டிக்குப் பேடிங்காக (உள் இடைவெளியாக) கொடுத்தால் சரியாகும். போனில்தான் பெரிய தொல்லை. ஐபோன் சஃபாரியில் பெரும்பாலும் முதல் தட்டலுக்கு மெனு விரியும், இரண்டாவதற்குத்தான் லிங்க் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு குரோமில் முதல் தட்டலே லிங்க்குக்குப் போய்விடும். ஹோவர் விதிகளை, மவுஸ் உள்ள கருவிக்கு மட்டும் பொருந்தும் ஹோவர் மீடியா குவெரி என்ற நிபந்தனைக்குள் வைத்து, போனுக்குத் தனி வழி கொடுக்க வேண்டும்.

விரிந்ததும் மூடும் கோளாறு, ஹோவரையும் கிளிக்கையும் ஒரே மெனுவில் சேர்த்ததால் வருவது. போனில் ஒரு தட்டலுக்கு பிரவுசர் முதலில் மவுஸ்என்டரை (மவுஸ் உள்ளே வந்தது என்ற தகவலை) அனுப்புகிறது, மெனு திறக்கிறது. தொடர்ந்து வரும் கிளிக், டாகிள் ஆகி (திறந்ததை மூடு, மூடியதைத் திற என்று மாற்றி) அதை மூடிவிடுகிறது. வந்தது மவுஸா விரலா என்றும் சொல்லும் பாயின்டர்என்டருக்கு மாறி, பாயின்டர் வகை மவுஸ் என்றால் மட்டும் திறக்கச் சொன்னால் தீரும்.

பட்டன் மெனுவுக்கு இருபது, முப்பது வரி ஸ்கிரிப்ட் தேவைப்படும். ஏரியா-எக்ஸ்பாண்டட் (மெனு திறந்திருக்கிறதா என்று திரை வாசிப்பானுக்குச் சொல்லும் குறிப்பு), எஸ்கேப் விசை, வெளியே தட்டினால் மூடுவது எல்லாம் நாமே எழுத வேண்டும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஐபோனில் வெற்றிடத்தைத் தட்டினால் கிளிக், முழுப் பக்கத்தைக் குறிக்கும் டாக்குமென்ட் வரை வராமல் போவதுண்டு. வெளித்தட்டலைப் பிடிக்க, விரல் பட்டதுமே வரும் பாயின்டர்டவுன் வையுங்கள். மேக் சஃபாரியில் பட்டனைக் கிளிக் செய்தால் அதற்கு ஃபோகஸ் போகாது. ஃபோகஸ்அவுட்டை (ஃபோகஸ் வெளியேறியது என்ற தகவலை) நம்பி மூடும் மெனு, உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மூடிவிடும். இவ்வளவு இருந்தும், விலைப்பட்டியல் தேடி வரும் டீலருக்கும் அயல்நாட்டு வாடிக்கையாளருக்கும் ஒன்றுபோல வேலை செய்வது இதுதான். என் தேர்வும் இதுவே.

டீடெய்ல்ஸ், போனில் மேலிருந்து கீழே விரியும் பட்டியலுக்குப் பொருத்தம். கீபோர்டு தானாகவே வேலை செய்யும். வெளியே தட்டினால் மூடாது. ஒன்று திறந்தால் மற்றது மூட, எல்லாவற்றின் நேம் பண்பிலும் ஒரே பெயர் கொடுத்தால் போதும். குரோம் 120, சஃபாரி 17.2, ஃபயர்ஃபாக்ஸ் 130 முதல் இது உண்டு.

பாப்ஓவரின் பலம் வேறு. மெனு திறந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் மேலே ஏதோ ஒரு பெட்டியில் உள்ள ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (பெட்டிக்கு வெளியே நீள்வதை மறைப்பது), அல்லது டிரான்ஸ்ஃபார்ம் (பெட்டியை நகர்த்துவது, சுழற்றுவது). டிரான்ஸ்ஃபார்ம் புது அடுக்கை உண்டாக்கிவிடும். அதற்குள் இருக்கும் மெனுவுக்கு இசட்-இண்டெக்ஸ் (எது மேலே என்று சொல்லும் எண்) 9999 கொடுத்தாலும் கீழே வரும் பேனர் அதை மறைக்கலாம். பாப்ஓவர் பக்கத்தின் உச்ச அடுக்கில் திறப்பதால் இந்தச் சண்டையே இல்லை. ஆனால் இயல்பாகத் திரையின் நடுவில் வந்து நிற்கும்; இன்செட் (ஓரங்களிலிருந்து உள்ள தூரம்) ஆட்டோ, மார்ஜின் 0 கொடுத்து இடத்தை நாமே குறிக்க வேண்டும். குரோம் 114, சஃபாரி 17, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் கிடைத்தாலும், ஐபோனில் வெளியே தட்டி மூடுவது ஐஓஎஸ் 18.3-இல்தான் சரியானது. பழைய ஐபோனுக்காக உள்ளேயே ஒரு மூடு பட்டன் வையுங்கள்.

எந்த முறையானாலும், போனில் முழுத்திரை மெனுவின் உயரம் 100விஹெச் (அட்ரஸ் பட்டை சுருங்கிய நிலையில் உள்ள முழு உயரம்) என்றிருந்தால் கடைசி வரி அட்ரஸ் பட்டைக்கு அடியில் சிக்கும், இப்போது தெரியும் உயரத்துக்கு ஏற்ப மாறும் 100டிவிஹெச் ஆக்குங்கள்.

தொட்டதும் மறையும் மெனுவை ஆராய, பிரவுசரில் உள்ள டெவ்டூல்ஸ் என்ற சோதனைப் பலகையைத் திறந்து வைத்து, அதன் கன்சோலில் 3 நொடி கழித்து டிபக்கர் (பக்கத்தை நிறுத்தும் கட்டளை) ஓடும்படி செட்டைம்அவுட் கொடுங்கள். அதற்குள் மெனுவை விரித்தால் பக்கம் அப்படியே நின்றுவிடும். பெட்டி பெட்டியாகப் பார்க்கலாம். நம்மூர் ஐபோனில் குரோமும் சஃபாரியின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடுகிறது. இரண்டிலும் சோதித்து நேரத்தை வீணாக்காமல், ஓர் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு மாட்டிப் பாருங்கள்.